பெண் பார்க்க வந்தவர் அல்ல, பையன் பார்க்க வந்தவர்

குங்ஃபூ படத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே தெர்மாகோல் சுவர், செங்கல் நிறம் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கிறது. கதாநாயகிக்கு டூப் போடும் சண்டைக் கலைஞன் நீளச் சடையோடு கயிற்றில் தொங்குகிறான். அவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த பெரியவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். “பையன் எங்கப்பா?” “அதோ, சடை போட்டுத் தொங்குறாரே, அவருதான்!” என்கிறார் மேக்கப்காரர். “ஆக்‌ஷன்!” என்று இயக்குநர் கத்த, அவன் “ஹாய்யா!” என்று சுவரை நோக்கிப் பாய்கிறான். கால் படுவதற்குள் காற்றடித்துச் சுவர் மல்லாந்துவிடுகிறது. உதைக்க ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் பம்பரமாகச் சுற்றி, பெரியவர் மடியிலேயே பொத்தென்று வந்து உட்காருகிறான். பெரியவர் தம் வாயில் புகுந்த சடையைத் துப்பிவிட்டு அவன் முழங்காலைத் தடவுகிறார். “அடிகிடி பட்டுச்சா மாப்ளே?”