இன்னும் நாலே நாள்

பன்றிகளுக்குத் தீனி கொட்டிவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு மருமகள் உள்ளே வந்தாள். கட்டிலோடு கிடக்கும் மாமனார் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அடை வெச்ச கோழி எப்படிம்மா இருக்கு?"

"முட்டையை விட்டு அசையலை மாமா. இன்னும் நாலே நாள், குஞ்சு பொரிச்சிடும்."

"காலெல்லாம் இறகு முளைக்கிற ஜாதி. நம்மகிட்ட மட்டும்தான் மிச்சம். பத்திரம்மா."

தலையாட்டினாள். போன அடை மொத்தமும் கூழாகிப்போனபோது, இடி இடித்துக் கெட்டுவிட்டது என்று சமாளித்தாயிற்று. இந்த அடையையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. ஒன்றிலும் கரு இருக்காது.

"இந்தத் தடவை என்ன சொல்லப்போறே? இடிகூட இடிக்கலையே" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா... இருந்த ஒரே சேவலையும் நாய் கவ்விட்டுப் போயிடுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"அது கூவி ரெண்டு மாசமாச்சு. படுத்துக் கிடக்கிறவனுக்குக் காதுதானேம்மா வேலை செய்யுது."

"தெரிஞ்சேவா தினமும் கேட்டீங்க?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதையும் கேக்கலைன்னா, தட்டை வெச்சிட்டு ஒரு வார்த்தை பேசாமப் போயிடுவியே."