பின்னால் வருகிறவர்கள்

முப்பது வருஷம் துருவக்கடலில் பனியை உடைத்து மற்ற கப்பல்களுக்கு வழி போட்ட கிழக் கப்பலுக்கு ஒருவழியாக ஓய்வு கொடுத்தார்கள். ஊர் திரும்பும்போது, பனியே இல்லாத கடலில், அது ஓயாமல் சங்கு ஊதிக்கொண்டே போனது.

"யாருக்கு ஊதறீங்க, பெரியவரே?" என்று கேட்டது கொடிமரத்தில் உட்கார்ந்திருந்த கடற்காகம்.

"வழி ஆயிடுச்சு, வாங்கன்னு பின்னால வர்றவங்களுக்குச் சொல்றேன். நான் நின்னா அவங்க பனியில மாட்டிக்குவாங்க."

"இங்க ஏது பனி? ஒரு தடவை நின்னுதான் பாருங்களேன்."

கிழக் கப்பல் பயந்துகொண்டே இன்ஜினை நிறுத்தியது. பின்னால் வந்த ஒரு சரக்குக் கப்பல் கொஞ்சம் ஒதுங்கி, அதைத் தாண்டிப் போயே போய்விட்டது.

"அப்பாடா!" என்றது கிழக் கப்பல்.

இன்னொரு கப்பலின் முதுகை அது அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.