ஷாகுல் ஹமீதின் கூடாரம்

"தம்பி பொண்டாட்டி முதல்முதலா வீட்டுக்கு வாற நேரத்துல எவனாவது காட்டுக்குப் போவானா? ஏலே ஷாகுலு, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

பக்கத்து வீட்டு அப்துல் ரவூப்பின் குரல் தாராவிச் சந்தின் இரண்டு முனைக்கும் எட்டியது.

ஷாகுல் ஹமீது நிமிரவில்லை. சந்தின் நடுவில் கூடாரத்தை விரித்துப் போட்டு, வளைகம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். போகிறவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"எங்கதான் போறே?"

"தான்ஸா ஏரி தாண்டி, மாமா. காட்டோரத்துல ஒரு கிராமம். மரத்தடியில டெண்ட் போட்டுக்கலாம்னு கேட்டு வச்சிருக்கேன். ஒரு வாரம்."

"கூட யாரு?"

"யாருமில்ல. நானும் பைக்கும்தான்."

"கரண்ட் போனாலே மொபைல் லைட்டை நெஞ்சோட வச்சுக்கிட்டு உக்காருவே. நீ தனியா காட்டுல! சிறுத்தை உன்னப் பார்த்துப் பாவப்பட்டுப் போயிரும்."

சந்து சிரித்தது. ஷாகுலும் சிரித்தான்.

ஒரு மாதமாக அவனுக்கு இதே வேலை. தோல்பைப் பட்டறையில் தைத்துக்கொண்டே கூடாரம் போடும் வீடியோ பார்த்தான். சின்ன கேஸ் அடுப்பு வாங்கினான். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டான். கூட வேலை பார்க்கும் பைசான், "நானும் வாறேன் பாய்" என்றபோது, "வேண்டாம், தனியாத்தான் போகணும்" என்று வெட்டிவிட்டான்.

காரணம் சந்துக்குத் தெரியும். ஷாகுலின் மனைவி மெஹராஜ், கல்யாணமாகி வந்த சில மாதங்களிலேயே ஊருக்குப் போனவள். திரும்பவில்லை. தனக்கு நிலைக்காத வாழ்வு தம்பிக்கு வருவதைக் கண்கொண்டு பார்க்க அவனால் முடியவில்லை. வேறென்ன?

தம்பி அஸாருதீனும் அப்படித்தான் நினைத்தான்.

"காக்கா, நாளைக்குப் பரீஹாவை அவ அண்ணன் கூட்டிட்டு வாறார். உங்க அண்ணன் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"காட்டுக்குப் போயிருக்கார்னு சொல்லு."

"விளையாடாதீங்க. உம்மாவும் இல்ல. சாயிமா லாத்தாவுக்குக் காய்ச்சல்னு சான்பாடாவுல அவ வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. நீங்களாவது இருக்க வேண்டாமா? அடுத்த வாரம் போனா காடு எந்திரிச்சு ஓடிருமா?"

"லீவு இப்பத்தான் கிடைச்சுது."

"லீவு இல்ல காக்கா. பொறாமை."

ஷாகுல் கூடார மூட்டையை பைக்கின் பின்னால் வைத்துக் கயிற்றை இறுக்கினான். முடிச்சு விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"கதவுத் தாழ்ப்பாள் பழசாப் போயிருந்துச்சு. மாத்திட்டேன். இப்ப நல்லா விழுது" என்றான். பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் பரீஹா வந்தாள். கூட்டிவந்த அண்ணன் டீ குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் அண்ணன் எங்கே என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, செம்பூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பினான்.

வீடு என்றால் ஒரே அறை. சுவரோரம் அடுப்பு, அடுப்புக்கு மேல் பரண், மிச்சமிருக்கும் தரையில் குடும்பம். கூப்பிடு தூரத்தில் கோபுரங்கள் எழும்புகின்றன. அங்கே கார்கள் தூங்குவதற்கு மட்டும் மாடி மாடியாகக் கட்டுகிறார்கள். அந்தச் சிமெண்டைச் சுமந்தவர்களின் வீட்டில் இங்கே ஒருவர் புரண்டால் மற்றவரும் புரள வேண்டும்.

அடுத்த நாள் காலை, தண்ணீர் பிடிக்கப் போன பரீஹா குடத்தோடு திரும்பி வந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"பைப்படி முழுக்க உங்க காக்கா பேச்சுதான். பைத்தியம்கிறாங்க, பொறாமைக்காரன்கிறாங்க, விழுந்து விழுந்து சிரிக்காங்க. நான் வந்தது அவருக்குப் பிடிக்கலையா?"

அஸாருதீனுக்கு முகம் சிவந்தது. அண்ணனை அழைத்தான். காட்டில் சிக்னல் இல்லை. சான்பாடாவுக்கு, அக்கா சாயிமாவுக்கு அடித்தான்.

"லாத்தா, உன் காய்ச்சலுக்கு வேற நாளே கிடைக்கலையா? வந்த பொண்ணு கண் கலங்கி நிக்கிறா. அந்தாளு இனிமே இந்த வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம். சொல்லிடு உன் காக்காகிட்ட."

சாயிமா குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குக் காய்ச்சலே இல்லடா."

"என்னது?"

"காக்காதான் உம்மாவை அப்படிக் கூப்பிடச் சொன்னார். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டார். நீ இப்படி ஏசுனா நான் எப்படிச் சும்மா இருக்க? மெஹராஜ் மதினி வந்த புதுசுல நீயும் உம்மாவும் எங்க படுத்தீங்க?"

"உம்மா ரவூப் மாமா வீட்டுல. நான் பாயைத் தூக்கிட்டுப் பட்டறைக்குப் போவேன். இந்தச் சந்துல எல்லா வீட்டுலயும் அப்படித்தானே?"

"நீ பாயைத் தூக்கிட்டுப் போறதை தினமும் சந்தே பார்த்துச்சு. விடிஞ்சா பைப்படியில மதினியைச் சுத்தி நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தியும் கேட்ட கேள்வி என்ன, சிரிச்ச சிரிப்பு என்ன! தண்ணிக்கே போக மாட்டேன்னு அழுதா. கடைசியில ஊருக்கே போயிட்டா. நமக்கு அப்ப அது ஒரு விஷயமாத் தெரியல."

அஸாருதீன் கதவைப் பார்த்தான். புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது.

"போகும்போது காக்கா சொன்னாருடா. 'சிரிக்காம இந்தச் சந்தால இருக்க முடியாது சாயிமா. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போகட்டும்'னு."