முனியப்பன் சொன்ன பதில்

"சிந்தியா, உனக்கு லக்குடி! உனக்குக் குடுத்த ஏழாம் பெட்டுக்கு முனியப்பன் வந்திருக்கார். ஒவ்வொரு எக்ஸாமுக்கும் பேஷன்ட்டா வர்றவர். என்ன வியாதின்னு காதுல சொல்லிடுவாராம், சீனியர்ஸ் சொன்னாங்க."

தோழி லவினா சொன்னதும் சிந்தியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சை. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் அவள் குடியிருக்கும் பிரேசர் டவுனில் யார் முகத்திலும் விழிக்க முடியாது.

ஜீவனஹள்ளி முனியப்பன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பரீட்சை நாளில் அந்த வார்டில் பேராசிரியரைவிட அவருக்குத்தான் வணக்கம் அதிகம்.

ஸ்டெதாஸ்கோப் நெஞ்சில் படுவதற்குள் கிசுகிசுத்தார்.

"மைட்ரல் வால்வு சுருங்கிப்போச்சும்மா. இதையே சொல்லிடு, பாஸ்."

அப்பாடா என்றிருந்தது. பேருக்கு ஒருதரம் வைத்துக் கேட்டாள்.

எங்கேயோ உதைத்தது. நாடி வேறு துள்ளித் துள்ளி அடித்தது. அவரை முன்னால் குனியச் சொல்லி, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி மறுபடி கேட்டாள். ரத்தம் பின்பக்கம் திரும்புகிற மெல்லிய சத்தம். இது அயோர்டிக் வால்வு கசிவு அல்லவா?

ஆனால் நெஞ்சுக்குச் சொந்தக்காரரே வேறு சொல்கிறாரே! தன் காதை நம்பித்தானே போன தடவை தோற்றாள்?

தேர்வாளர் வந்து நின்றார். "டயக்னோசிஸ்?"



"அயோர்டிக் வால்வு கசிவு, சார்."

"எப்படிச் சொல்றே?"

கேட்டதைக் கேட்டபடி சொன்னாள்.

"குட்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் நகர்ந்ததும் சிந்தியா பொங்கினாள்.

"ஏன் அங்கிள் பொய் சொன்னீங்க? நம்பியிருந்தா ஃபெயிலாகியிருப்பேன்! மத்தவங்களுக்கெல்லாம் சரியாத்தானே சொன்னீங்க?"

"சொல்லிட்டுத்தாம்மா இருந்தேன்." முனியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டார். "நான் சொல்லிக் குடுத்துப் பாஸான ஒரு பையன் எங்க ஏரியாவுலயே கிளினிக் போட்டாரு. போன வருஷம் செத்துப்போனாளே என் சம்சாரம், அவளுக்கு நெஞ்சு வலின்னதும் அவர்கிட்டதான் கூட்டிட்டு ஓடினேன்."

பொத்தானைப் போட்ட கை நின்றது.

"அவ நெஞ்சுல குழலை வெச்சுட்டு, என் மூஞ்சியைப் பாத்தாரும்மா... நான் ஏதாவது சொல்லுவேனான்னு."