ஆறாவது புகார்

“ஆறு மாசத்துல ஆறு புகார். இன்னொண்ணு வந்தா அந்தக் கத்திப் பட்டறைக்காரருக்குச் சரக்கே கிடையாது. நேர்லயே சொல்லிட்டு வாம்மா” என்று காலையில் எஃகுக் கம்பெனி மேலாளர் சொன்னபோது, புகார்களை நேரில் போய்ப் பார்க்கும் அவள் “சரி சார்” என்று தலையாட்டிவிட்டாள். இப்போது பட்டறை வாசலில் கால் தயங்கியது.

“வாங்க மேடம். இந்த எஃகுச் சுருளும் இளக்கமாத்தான் இருக்கு. தகடு கையாலேயே வளையுது பாருங்க.” பட்டறைக்காரர் தகட்டை வளைத்துக் காட்டினார்.

“வாங்கும்போது வளையத்தான் செய்யும். வெட்டி வடிவம் கொடுத்து, உலையில பழுக்கக் காய்ச்சி, சட்டுனு குளிர வெச்சாத்தான் இறுகும். எத்தனை தடவை சொல்றது?”

“மறந்து மறந்து போயிடுது மேடம்.”

அலமாரியிலிருந்து அவர் செய்த புதுக் கத்தி ஒன்றை எடுத்து, அதன் மேல் அரத்தை அழுத்தி இழுத்தாள். அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. கத்தியில் கீறல்கூட விழவில்லை; அவ்வளவு நன்றாக இறுகியிருந்தது.

“இது யார் தகடு?”

“உங்க கம்பெனி தகடுதான்.” அவர் முகம் சிவந்துவிட்டது. “பாராட்டி எழுதினா நன்றின்னு ஒரு கடிதம் வரும். புகார் எழுதினாத்தானே நீங்க வர்றீங்க?”

“தெரியும். ரெண்டாவது தடவை வந்தப்பவே இப்படி இழுத்துப் பாத்துட்டேன்.”

“அப்புறமும் ஏன் மாசாமாசம் வந்தீங்க?”

“வேற ஆளை அனுப்பறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

அரத்தைக் கீழே வைத்தாள். மாதக்கணக்கில் நாக்கு நுனியில் நின்றதைச் சொல்லியேவிட்டாள்.

“இனிமே புகார் எழுதாதீங்க. எங்க அப்பாகிட்ட வந்து பொண்ணு கேளுங்க.”