வியாழக்கிழமை சினிமா வகுப்பு

"சன்னலை எதுக்கு டீச்சர் திறந்து வச்சீங்க?" என்று தலைமை ஆசிரியர் மகாராஜன் மூன்றாவது முறையாகக் கேட்டார். "மூடி வச்சிருந்தா விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

ஆங்கில ஆசிரியை விஜிலா மேசைமேல் கிடந்த புகார்க் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மொத்தமே இரண்டு வரி. வியாழக்கிழமை சினிமா வகுப்பை நிறுத்தவும். தகப்பன்மார் நாங்கள் மிகவும் பாதிக்கப்பட்டிருக்கிறோம். கீழே பதினான்கு கையெழுத்துகள். முதல் கையெழுத்து ஃபிராங்க்ளினுடையது. தருவைகுளத்தில் சொந்தப் படகு வைத்திருப்பவர், ஒன்பதாம் வகுப்பு ஸ்டெபினின் அப்பா.

விஜிலா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவரை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று பள்ளித் தாளாளரான பங்குச் சாமியார் இந்த மாதம் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கோப்போடு இந்தக் கடிதமும் போகும்.

"நான் சும்மா படம் காட்டல சார். சத்தத்தை நிறுத்திட்டு ஒரு காட்சியைப் போடுவேன். கதாநாயகன் என்ன சொல்லுதான், வில்லன் என்ன சொல்லுதான்னு பிள்ளைங்க இங்கிலீஷ்ல எழுதிப் பேசணும். படத்துக்கு அடியில எழுத்து ஓடுமே, அந்த மாதிரி. ரெண்டு வரிக்குள்ள முடிக்கணும், இல்லன்னா வாசிக்கதுக்குள்ள எழுத்து போயிரும்."

"சரி."

"ஸ்டெபின் போன வருசம் வாயே திறக்கமாட்டான் சார். இப்ப வில்லனுக்கு அவன்தான் பேசுதான்."

"அதையும் அவங்க அப்பா பார்த்திருப்பார்" என்றார் மகாராஜன்.

பார்த்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம் படகுகளெல்லாம் கரையில் கிடந்தன. கோடை விடுமுறையிலும் விஜிலா மாதா கோயில் மண்டபத்தில் அந்த வகுப்பை நடத்தினார். வேலையில்லாத தகப்பன்மார் வியாழன்தோறும் சன்னலோரம் வந்து நின்றார்கள்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, திரையையே முறைத்தபடி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போன மறுவாரமே கடிதம் வந்துவிட்டது.

"போதாக்குறைக்கு நீங்க வெளிய பெஞ்சு வேற தூக்கிப் போட்டிருக்கீங்க."

"வெயில்ல நின்னாங்க சார். பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"வசதியா உக்காந்து பார்த்துட்டுப் புகார் எழுதியிருக்காங்க."

மகாராஜன் கெட்டவர் அல்லர். டீச்சரின் தேநீர் ஆறுவதைப் பார்த்து, ஒரு சிறிய தட்டை எடுத்து அதன்மேல் மூடிவைத்துவிட்டுத்தான் அடுத்த கேள்வியைக் கேட்கப் போனார். அதற்குள் பள்ளி ஆயா பேபி கதவருகே வந்து நின்றார்.

"சார், ஃபிராங்க்ளின் அண்ணாச்சி வந்துட்டாவ. இதுக்காவ இன்னைக்குக் கடலுக்கே போவலையாம். பூசைக்கு வார மாதிரி வெள்ளச் சட்டை வேற. சண்டைக்குத்தான் வந்திருக்காவ."

விஜிலா கண்ணை மூடி 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னார். பாதியில் இருக்கும்போதே ஃபிராங்க்ளின் உள்ளே வந்துவிட்டார்.

"உக்காருங்க."

"இருக்கட்டும் சார்."

"இது நீங்க குடுத்ததுதான?"

"ஆமா சார்."

"வியாழக்கிழமை வகுப்பை நிறுத்தணும்?"

"கண்டிப்பா நிப்பாட்டணும் சார். பதினாலு பேருக்கும் மனசே சரியில்ல. வலை இழுக்கும்போதுகூட இதே பேச்சுதான்."

மகாராஜன் விஜிலாவைப் பார்த்தார். விஜிலா எழுந்து நின்றார்.

"நிப்பாட்டிருதேன் அண்ணாச்சி. பிள்ளைங்களைக் கெடுக்கணும்னு நான் செய்யல. உங்க மனசு நோகவேண்டாம்."

"ரொம்பச் சந்தோசம் டீச்சர்" என்று ஃபிராங்க்ளின் கும்பிட்டார்.

மகாராஜனுக்கு இப்போது உண்மையிலேயே கோபம் வந்தது. கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தது யாரு? வக்கீலா?"

ஃபிராங்க்ளின் பின்னந்தலையைச் சொறிந்தார். "நான்தான் சார் எழுதினேன். ஸ்பெல்லிங் மட்டும் பையன்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"அஞ்சு."

தலைமை ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மறுபடியும் வாசித்தார். இரண்டு வரியிலும் அவரால் சிவப்பு மையால் ஒரு திருத்தமும் போட முடியவில்லை.

"இவ்வளவு எழுதத் தெரிஞ்சவரு மிச்சத்தையும் எழுதியிருக்கலாம்லா? என்ன பாதிப்பு, என்ன செய்யணும், ஒண்ணுமே இல்லையே இதுல?"

"ரெண்டு வரி முடிஞ்சுட்டுல்லா சார்" என்றார் ஃபிராங்க்ளின்.

சொல்லிவிட்டு, பாடம் ஒப்பித்த பிள்ளை சரியா என்று பார்ப்பதுபோல டீச்சரைப் பார்த்தார்.

விஜிலா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தமிழ்ல சொல்லுங்க அண்ணாச்சி. எத்தனை வரின்னாலும் பரவாயில்ல."

"வகுப்பை ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வைங்க டீச்சர், அன்னைக்கு ஒருநாள்தான் நாங்க கடலுக்குப் போவமாட்டோம்."