கிட்டப் போனால்தான் படம்

மூட்டை தூக்குகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கேமரா. கேமராக் கடைக்காரர் பழைய லென்ஸ் இரண்டைக் கொடுத்து, தெருவில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஒன்று தூரத்திலிருந்தே முகத்தை இழுத்துவரும் ஜூம். இன்னொன்று ஜூம் இல்லாத முப்பத்தைந்து எம்.எம்., எதிரில் நிற்பவரின் மூச்சு மேலே படுகிற அளவுக்குக் கிட்டப் போனால்தான் படம்.

கூச்சக்காரருக்கு ஜூம்தான் தோது. போன வருடம் லாரியிலிருந்து விழுந்து செத்துப்போன தம்பி இருந்திருந்தால், "கிட்டப் போண்ணே, கடிச்சா வைக்கப்போறாங்க?" என்று தோளில் கைவைத்துத் தள்ளியிருப்பான்.

சாயங்காலம் கடையில் கேமராத் திரையைப் பார்த்தார்கள். ஜூமில் எடுத்ததெல்லாம் ஒழுங்காக இருந்தது. முப்பத்தைந்தில் எடுத்தது ஒன்றே ஒன்று, சலூன் கண்ணாடியில் தெரிந்த அவருடைய உருவம்.

"தனியாத்தானே போனீங்க? தோள்ல யாரு கை?" என்றார் கடைக்காரர்.

கேமராவைப் பிடித்திருந்த அவருடைய இரண்டு கைகளும் படத்தில் தெரிந்தன. தோளில் இருந்த கையில் சுண்டுவிரல் நகம் இல்லை. கயிறு இழுத்தபோது தம்பிக்குப் பிய்ந்துபோன நகம் அது.

அவர் ஜூமைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்களுக்குத்தான் கூச்சமாச்சே, ஆளுங்க கிட்டப் போவீங்களா?"

"தள்ளிவிட ஆள் இருக்கு" என்றவர், வாசலில் ஓர் ஆள் போகும் அளவுக்கு ஒதுங்கி நின்று, பிறகு படி இறங்கினார்.